தலை-கழுத்து பிளானிங்: ஒன்பது ஃபீல்டு ஐ.எம்.ஆர்.டி.யா, இரண்டு ஆர்க் வி.மேட்டா?

நாவல்_பிளானர்:

கதிர் சிகிச்சை பிளான் ஒன்றில் சந்தேகம். வலது டான்சில் புற்று, டி3 நிலை. இரண்டு பக்கக் கழுத்திலும் நிணநீர்க் கட்டிகள். 35 சிட்டிங்கில் மூன்று டோஸ் அளவுகள்: கட்டிக்கு 70 கிரே (கதிர் டோஸின் அலகு), அதை ஒட்டிய அபாயப் பகுதிக்கு 63, மிச்சக் கழுத்துக்கு 56. ஒரே லினாக் (கதிர் தரும் மெஷின்), 6 எம்.வி. முதல் பிளான் ஐ.எம்.ஆர்.டி. (நின்ற கோணங்களிலிருந்து, செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கதிர் கொடுப்பது): ஒன்பது ஃபீல்டு ஸ்லைடிங் விண்டோ, 0, 40, 80 என்று 40 டிகிரிக்கு ஒன்று. இரண்டாவது இரண்டு முழு ஆர்க் வி.மேட் (மெஷின் சுற்றிக்கொண்டே அதைக் கொடுப்பது). கவரேஜ் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எம்.யூ. (மெஷின் வெளியிடும் கதிரின் அளவு) வி.மேட்டில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் இடது பரோட்டிட்டின் (காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) சராசரி டோஸ் வி.மேட்டில் இரண்டு கிரே கூடுகிறது, கீழ்க் கழுத்தில் 56 கிரே வளையமும் (அந்த டோஸ் எட்டும் எல்லைக் கோடு) கொஞ்சம் கிழிந்த மாதிரி இருக்கிறது. வி.மேட் இந்த மாதிரிக் கேஸில் உண்மையிலேயே ஒரு படி கீழா, அல்லது பிளான் போட்ட விதத்தில் தப்பா?

கோலிமேட்டர்30:

இரண்டு கிரே வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லும் முன் நான்கு விஷயம் பாருங்கள் சார்.

முதலில் நார்மலைசேஷன், அதாவது பிளானின் டோஸை எந்த அளவுகோலுக்குச் சரிசெய்வது என்பது. ஒரு பிளானை டி95-க்கும் (டார்கெட்டின் 95 சதவீதமாவது வாங்கும் டோஸ்) மற்றதை டி50-க்கும் நார்மலைஸ் செய்துவிட்டு பரோட்டிட்டை ஒப்பிட்டால் அந்த ஒப்பீடே செல்லாது. சர்வதேச கதிர் அளவீட்டுக் குழுவின் அறிக்கை ஐ.சி.ஆர்.யு. 83 (2010) டி50-ஐத்தான் முன்வைக்கிறது, பல இடங்களில் இன்னும் டி95 வழக்கம். எதுவானாலும் இரண்டுக்கும் ஒன்றே இருக்கட்டும். நார்மலைசேஷன் 2 சதவீதம் நகர்ந்தாலே 25 கிரே சராசரியில் அரை கிரே போய்விடும்.

அடுத்தது கால்குலேஷன் கிரிட்டும் (டோஸைக் கணக்கிடும் கட்டத்தின் அளவு) அல்காரிதமும். ஒன்று 2.5 மி.மீ., மற்றொன்று 5 மி.மீ. என்றால் பி.டி.வி.யை (அசைவுக்கு இடம்விட்டு வரைந்த டார்கெட்) ஒட்டிய சரிவில் பொய்யான வித்தியாசம் வரும். பரோட்டிட் இருப்பதே அந்தச் சரிவில்தான்.

மூன்றாவதாக, எந்தப் பரோட்டிட்டின் சராசரியைப் பார்க்கிறீர்கள்? ஆப்டிமைசருக்குக் (பிளானைச் செதுக்கும் சாஃப்ட்வேர்) கொடுக்க "பரோட்டிட் மைனஸ் பி.டி.வி." என்று ஒரு துண்டு வெட்டியிருப்பீர்கள். அந்தத் துண்டின் சராசரியை ரிப்போர்ட்டில் எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 26 கிரே, 25 கிரே என்று நாம் சொல்லும் எல்லைகள் எல்லாம் முழுச் சுரப்பிக்கானவை.

நான்காவது, எத்தனை முறை ஆப்டிமைஸ் செய்தீர்கள்? ஐ.எம்.ஆர்.டி.யை நான்கு சுற்று செதுக்கிவிட்டு வி.மேட்டை ஒரே சுற்றில் விட்டிருந்தால் அந்த இரண்டு கிரே டெக்னிக்கின் கணக்கில் சேராது. உழைப்பின் கணக்கில்தான் சேரும்.

நிழல்வட்டம்:

கீழ்க் கழுத்து கிழிந்து தெரிகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் ஜா (ஃபீல்டின் அகலத்தைக் கட்டும் உலோகக் கதவு) அகலம். இரண்டு பக்கக் கழுத்தும் சேர்ந்த டார்கெட்டை பீம்ஸ் ஐ வியூவில் (கதிர் வரும் திசையிலிருந்து) பார்த்தால் எக்ஸ் திசையில் 18, 20 செ.மீ. வரும். உங்கள் மெஷின் 120 லீஃப் (கதிரை மறைக்கும் மெல்லிய உலோகத் தகடு) வகையாக இருந்தால், ஒரே கேரேஜில் (தகடுகளைத் தாங்கி நகரும் பகுதி) இருக்கும் லீஃப்களில் முன்னால் நீண்டதற்கும் பின்னால் தங்கியதற்கும் நடுவே 15 செ.மீ.தான் இடைவெளி விட முடியும். ஐ.எம்.ஆர்.டி.யில் இது தொல்லையாகத் தெரியாது. சிஸ்டமே ஃபீல்டை இரண்டாகப் பிரித்து, கேரேஜை நகர்த்தி, இரண்டு தவணையாகக் கொடுத்துவிடும். உங்கள் ஒன்பது ஃபீல்டு மெஷினில் ஏறும்போது பதினாறோ பதினெட்டோ ஆகியிருக்கும், எண்ணிப் பாருங்கள். வி.மேட்டில் ஆர்க் ஓடும்போது கேரேஜ் நகராது. எட்டாத ஓரத்தை ஆப்டிமைசர் எப்படியோ ஒப்பேற்றும். அந்த ஒப்பேற்றல்தான் கிழிசலாகத் தெரிகிறது.

செய்ய வேண்டியது இது. இரண்டு ஆர்க்கிலும் எக்ஸ் திறப்பை 15 செ.மீ.க்குள் கட்டிவையுங்கள். முதல் ஆர்க் டார்கெட்டின் ஒரு ஓரத்தை முழுதாக மூடி, நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று செ.மீ. போகட்டும். இரண்டாவது ஆர்க் எதிர் ஓரத்திலிருந்து அதே மாதிரி. நடுவில் இரண்டும் மேலேறும் பட்டையில் ஆப்டிமைசருக்குச் சுதந்திரம் அதிகம், அங்கேதான் தண்டுவடமும் இருக்கிறது. அப்புறமும் போதவில்லை என்றால் மூன்றாவது ஆர்க் சேருங்கள். அதற்கு ஆகும் கூடுதல் நேரம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

கோலிமேட்டரை (லீஃப்கள் இருக்கும் தலைப்பகுதி) 0 டிகிரியில் வைத்து ஆர்க் போடவே போடாதீர்கள். லீஃப்களுக்கு நடுவே கசியும் கதிர், கேன்ட்ரி (மெஷினின் சுழலும் கை) சுற்றச் சுற்ற ஒரே தளத்தில் குவிந்துகொண்டே போகும். ஒன்றுக்கு 30, மற்றதற்கு 330 வையுங்கள். கழுத்து நீளமாகவும் தோள் தாழ்வாகவும் இருந்தால் 10, 350 போதும்.

நாவல்_பிளானர்:

பிரித்த பிறகு பதினேழு ஃபீல்டு. எண்ணிப் பார்த்ததே இல்லை. எக்ஸ் திறப்பு இரண்டு ஆர்க்கிலும் 19-க்கு மேல். திரும்பப் போடுகிறேன்.

டாக்டர்_தாழை:

பரோட்டிட்டிலேயே பேச்சு சுற்றுகிறது, அதனால் மருத்துவர் தரப்பிலிருந்து கொஞ்சம்.

பரோட்டிட்டைக் காப்பாற்றினால் பலன் உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. பிரிட்டனின் பார்ஸ்போர்ட் ஆய்வு (2011) 94 பேரை எடுத்தது. ஒரு வருடம் கழித்து இரண்டாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 38. மும்பை டாடா மெமோரியலில் 60 பேரை வைத்து செறிவை மாற்றாத பழைய த்ரீ-டி முறையோடு ஒப்பிட்டதிலும் (2012) சிகிச்சைக் காலத்து உமிழ்நீர்ச் சுரப்பிப் பாதிப்பு 89-லிருந்து 59 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் கவனியுங்கள், இரண்டுமே ஐ.எம்.ஆர்.டி.யைப் பழைய முறையோடு ஒப்பிட்டவை. ஐ.எம்.ஆர்.டி.க்கும் வி.மேட்டுக்கும் நடுவே அப்படி ஒரு பள்ளம் கிடையாது. இரண்டும் ஒரே கருத்துதான், கொடுக்கும் வழி வேறு.

அதே பார்ஸ்போர்ட்டில் இன்னொன்றும் தெரிந்தது, அதைப் பலர் சொல்வதில்லை. சிகிச்சைக் காலத்து அசதி ஐ.எம்.ஆர்.டி. வாங்கியவர்களுக்கு அதிகம்: 74-க்கு 41 சதவீதம். பழைய பக்கவாட்டு ஃபீல்டுகள் தொடாத பின்மூளை, ஐ.எம்.ஆர்.டி.யின் பின்பக்கக் கதிர்களில் டோஸ் வாங்கிக்கொண்டது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே பிளானில் யாரும் பெயர் வைக்காத திசுவுக்கும் டோஸ் போகிறது. பிடரியையும் பின்மூளையையும் காண்டூர் செய்து (சி.டி.யில் எல்லை வரைந்து), ஒரு எண்ணாவது கொடுங்கள்.

அடுத்தது விழுங்குதல். டார்ஸ் ஆய்வு (2023, 112 பேர்), தொண்டைச் சுருக்குத் தசையில் உயர் டோஸ் சி.டி.வி.க்கு (கட்டியும் அது பரவியிருக்கக்கூடிய இடமும்) வெளியே இருக்கும் பகுதியின் சராசரியை 50 கிரேக்குக் கீழே வைக்கச் சொன்னது. ஒரு வருடத்தில் நோயாளிகளே தரும் விழுங்குதல் மதிப்பெண் 70.6-லிருந்து 77.7-க்கு ஏறியது. இடது பரோட்டிட்டில் இரண்டு கிரேக்காக மல்லுக்கட்டும் பிளானர், சுருக்குத் தசையை காண்டூரே செய்யாமல் விட்டிருந்தால் அந்த நோயாளிக்கு எந்த டெக்னிக்கும் உதவாது. இந்தக் கேஸில் அது இருக்கிறதா?

நாவல்_பிளானர்:

இல்லை டாக்டர். தண்டுவடம், மூளைத்தண்டு, இரண்டு பரோட்டிட், தாடை எலும்பு, குரல்வளை. அவ்வளவுதான்.

டாக்டர்_தாழை:

அப்படியானால் சுருக்குத் தசை, வாய்க்குழி, எதிர்ப்பக்க சப்மேண்டிபுலர் (தாடைக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி), பிடரி நான்கையும் சேர்த்துவிட்டு இரண்டு பிளானையும் மறுபடி ஓடவிடுங்கள். காண்டூர் இல்லாத உறுப்பு ஆப்டிமைசருக்குக் குப்பைத் தொட்டி மாதிரி. மிச்ச டோஸை எல்லாம் அங்கேதான் கொட்டும்.

கோபால்ட்காலம்:

லினாக்கும் வி.மேட்டும் எல்லா இடத்திலும் இருப்பது மாதிரிப் பேசுகிறோம். கோபால்ட் சோர்ஸ் வைத்த பழைய மெஷினில் இன்றும் தலை-கழுத்து நடக்கிறது. அதில் பிளான் போடுபவர்களும் இதை வாசிப்பார்கள்.

த்ரீ-டி முறையில் மேல் கழுத்துக்கு எதிரெதிர் பக்கவாட்டு ஃபீல்டு, கீழ்க் கழுத்துக்கு முன்பக்கம் ஒன்று. லினாக்காக இருந்தால் ஒரே ஐசோசென்டர் (மெஷின் சுழலும் மையப் புள்ளி) வைத்து அரை பீம் அடைத்துவிட்டால் ஜங்ஷனில் விரிவு இருக்காது. 40-லிருந்து 44 கிரேக்குள் தண்டுவடத்தை விட்டு விலகி, பின்கழுத்துக்கு 9 எம்.இ.வி. எலக்ட்ரான். தப்பு நடக்கும் இடம் அந்த எலக்ட்ரான்-ஃபோட்டான் எல்லைதான். எலக்ட்ரான் ஆழத்தில் வீங்குவதால் ஃபோட்டான் பக்கம் சூடான பட்டை விழும். லெவல் ஐந்து (பின்கழுத்து நிணநீர்ப் பகுதி) முனையில் கட்டி இருந்தால் அதே எல்லையில் குறைந்த டோஸ் விழும் அபாயமும் உண்டு.

கோபால்ட்டுக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும். உச்ச டோஸ் தோலுக்கு அரை செ.மீ. கீழேயே வந்துவிடும், 6 எம்.வி.க்கு ஒன்றரை. தோலை ஒட்டிய கட்டிக்கு அது சாதகம். கெட்டது அரைவாழ்வு 5.27 வருடம். மாதம் ஒரு சதவீதம் சோர்ஸ் தேய்கிறது, சிகிச்சை நேரம் நீண்டுகொண்டே போகும், மாஸ்க்குக்குள் (தலையை அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) நோயாளி அசைவார்.

என் கருத்து இது: ஐ.எம்.ஆர்.டி.க்காக ஆறு வாரம் வரிசையில் நிற்பதைவிட, த்ரீ-டி பிளானில் அடுத்த வாரமே ஆரம்பிப்பது நல்லது.

டாக்டர்_தாழை:

காத்திருப்பு விஷயத்தில் உடன்படுகிறேன். இடையில் விட்டுப்போகும் நாட்களும் அப்படித்தான். ஸ்குவாமஸ் புற்றில் மொத்தச் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் அந்த இடத்துக் கட்டுப்பாடு சுமார் 1.4 சதவீதம் குறைகிறது என்பதை பிரிட்டனின் கதிரியல் கல்லூரி வழிகாட்டுதல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மெஷின் பழுதால் இரண்டு நாள் போனால், சனிக்கிழமை கூப்பிட்டோ, ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சிட்டிங் கொடுத்தோ ஈடுகட்டியே ஆக வேண்டும். பரோட்டிட்டில் இரண்டு கிரே எந்த ஊரிலும் அந்த இரண்டு நாளுக்கு ஈடாகாது.

நிழல்வட்டம்:

வி.மேட்டின் உண்மையான லாபம் அங்கேதான். பதினேழு ஃபீல்டு ஸ்லைடிங் விண்டோ ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் பிடிக்கும். இரண்டு ஆர்க் மூன்று நிமிடத்துக்குள் முடியும். மெஷின் நிரம்பி வழியும் டிபார்ட்மெண்டில் அந்த நேரத்தில் கோன்பீம் (மெஷினிலேயே எடுக்கும் சி.டி.) எடுக்கலாம், இன்னொரு நோயாளியைப் போடலாம். எச்சில் விழுங்க முடியாமல் மாஸ்க்குக்குள் படுத்திருப்பவருக்கும் அது பெரிய ஆறுதல்.

ஆப்டிமைசேஷனில் அடிக்கடி கோட்டைவிடும் இடம் தோல். பி.டி.வி. தோலைத் தொட்டாலோ வெளியே காற்றில் நீண்டாலோ, பில்ட்-அப் பகுதியில் (டோஸ் உச்சத்தை எட்டும் முன் உள்ள தோலோரம்) டோஸ் வராது என்பதை ஆப்டிமைசர் ஒத்துக்கொள்ளாது. அந்த ஓரத்துக்கு மட்டும் ஃப்ளூயன்ஸை (கதிரின் செறிவு) ஏற்றிக்கொண்டே போகும். திரையில் கவரேஜ் அழகாக இருக்கும். நோயாளி நாலு மி.மீ. நகர்ந்தால் அந்த ஏற்றிய கதிர் ஆழமான திசுவில் இறங்கும், தோல் கன்றிப் பிய்யும். ஆகவே ஆப்டிமைஸ் செய்யும் பி.டி.வி.யைத் தோலிலிருந்து 3 முதல் 5 மி.மீ. உள்ளே வெட்டுங்கள். தோலில் நோய் இருந்தால் வெட்டக் கூடாது. 5 மி.மீ. போலஸ் (தோல் மேல் வைக்கும் திசு போன்ற பட்டை) வைத்து, அந்தப் போலஸோடேயே சிமுலேஷன் சி.டி. எடுங்கள். பிறகு சாஃப்ட்வேரில் வரைந்த போலஸும் மெஷினில் வைக்கும் போலஸும் ஒருபோதும் ஒரே மாதிரி உட்காராது. மாஸ்க்குக்குக் கீழே காற்று தங்கும்.

மூன்று டோஸ் அளவுகள் இருக்கும்போது 70 பகுதியை 63-லிருந்தும், 63 பகுதியை 56-லிருந்தும் கழித்துவிட்டு, எல்லையில் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் ஒரே வாக்ஸலுக்கு (படத்தின் சின்னக் கட்டம்) 70 கொடு, 60-க்கு மேல் போகாதே என்று இரண்டு கட்டளை போகும். தண்டுவடத்துக்கு அதிகபட்சம் 45, சுற்றி 3 முதல் 5 மி.மீ. வைத்த பி.ஆர்.வி.க்கு 50. மூளைத்தண்டு 54. தாடை எலும்புக்கு 70-ஐத் தாண்டாமல் பாருங்கள். பிளானில் 107 சதவீதப் புள்ளி எங்கே விழுகிறது என்று ஸ்லைஸ் ஸ்லைஸாகத் தேடுங்கள், டி.வி.எச். வளைகோடு (எவ்வளவு பகுதி எவ்வளவு டோஸ் வாங்குகிறது என்பது) இடத்தைச் சொல்லாது. அது கடைவாய்ப் பல் எலும்பில் விழுந்தால், இரண்டு வருடம் கழித்துப் பல் பிடுங்கும்போது எலும்பு செத்துப்போகும் ஆபத்து.

கோலிமேட்டர்30:

கியூ.ஏ. (பிளானை மெஷினில் அளந்து சரிபார்ப்பது) பற்றியும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் (ஏ.ஏ.பி.எம்.) டி.ஜி.-218 (2018) சொல்வது டோஸில் 3 சதவீதம்/இடத்தில் 2 மி.மீ., 10 சதவீதத் திரெஷோல்டு, 95-க்கு மேல் தேறினால் சரி, 90-க்குக் கீழே போனால் நிறுத்து. பழைய 3/3-இல் 98 வாங்கும் வி.மேட் பிளான் 3/2-இல் தடுமாறுவதுண்டு. 2 கிரே சிட்டிங்குக்கு எம்.யூ. 600-ஐத் தாண்டும் தலை-கழுத்து வி.மேட்டைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரு செ.மீ.கூட இல்லாத துண்டுத் துண்டு அபர்ச்சர்களில் (லீஃப் திறப்பு) கொடுத்திருக்கும். பரோட்டிட் பிரியாரிட்டியை அளவுக்கு மீறி ஏற்றியதன் விளைவு அது.

மாஸ்க்ரூம்:

பிளானர்கள் திரையை விட்டு எழுந்து வந்து ஒருமுறை மாஸ்க் செய்யும் மோல்டு ரூமைப் பாருங்கள். தண்ணீர் 65-லிருந்து 70 டிகிரி, ஷீட் கண்ணாடி மாதிரித் தெளியும் வரை. போட்டபின் மூக்குப் பாலம், கன்ன எலும்பு, தாடை முனை மூன்றிலும் விரலால் அழுத்தி உருவம் எடுக்கணும். பத்து நிமிடமாவது முகத்திலேயே ஆறணும். அவசரப்பட்டு எடுத்தால் ஷீட் சுருங்கி மறுநாள் இறுக்கும், இறுக்கினால் நோயாளி தாடையைத் தூக்குவார், கழுத்தின் வளைவு மாறும்.

கழுத்துக்குச் சிகிச்சை என்றால் தோள் வரை வரும் ஐந்து கிளாம்ப் மாஸ்க்தான். மூன்று கிளாம்ப்பில் தோள் தினமும் ஒரு இடத்தில் இருக்கும். வி.மேட் பக்கவாட்டில் வரும்போது தோள் வழியாகவும் கொடுக்கும். தோள் இரண்டு செ.மீ. ஏறினால் கீழ்க் கழுத்து டோஸ் குறையும். நெக் ரெஸ்ட் (கழுத்துத் தாங்கி) பி-யா சி-யா என்று ஷீட்டில் எழுதாமல் விட்டால் மொத்தமும் போச்சு.

கோன்பீமில் மேல் முதுகெலும்பு கச்சிதமாகப் பொருந்தி, கீழே ஐந்து மி.மீ. விலகி நிற்பது அடிக்கடி நடக்கும். அது கழுத்து மடிப்பு. டேபிளை நகர்த்தித் தீராது. மாஸ்க்கைக் கழற்றி மறுபடி படுக்கவைங்க. சுழற்சி 3 டிகிரிக்கு மேல் இருந்தாலும் அதேதான்.

கோலிமேட்டர்30:

இதைச் சொன்னதற்கு நன்றி. தினமும் கோன்பீம் உண்டு என்றால்தான் பி.டி.வி. மார்ஜின் 3 மி.மீ. வைக்கலாம். இல்லாத இடத்தில் 5. மார்ஜினில் இந்த 2 மி.மீ. பரோட்டிட்டுக்குத் தரும் லாபம், டெக்னிக் மாற்றுவதில் வருவதைவிடப் பெரும்பாலும் அதிகம்.

நிழல்வட்டம்:

டெக்னிக் தேர்வு உண்மையிலேயே முடிவை மாற்றும் கேஸ் வேறு: அறுவைக்குப் பிறகு வரும் ஒரு பக்கக் கன்னப் புற்று. நம் ஊர்களில் புகையிலை, வெற்றிலைப் பாக்கு காரணமாக அதுதான் அதிகம். இடது கன்னம், 60 கிரே 30 சிட்டிங், இடது கழுத்து மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முழு ஆர்க் போட்டால் வலது பரோட்டிட்டும் வாய்க்குழியும் காரணமில்லாமல் டோஸ் குடிக்கும். 330-லிருந்து 179 வரை அரை ஆர்க் இரண்டு போடுங்கள். வலது பரோட்டிட்டின் சராசரியை 10 கிரேக்குக் கீழே இறக்கலாம். மவுத் பைட் (வாயில் கடித்துக்கொள்ளும் கட்டை) வைத்து நாக்கை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டு சி.டி. எடுத்தால் நாக்கின் பாதி தப்பும். பைட் இல்லாமல் சி.டி. எடுத்துவிட்டு, பிறகு பிளானில் நாக்கைக் காப்பாற்றப் பார்ப்பது வீண்.

கோபால்ட்காலம்:

டோமோதெரபி? புரோட்டான்?

கோலிமேட்டர்30:

டோமோவில் (டேபிள் நகர நகர, சுற்றிக்கொண்டே கதிர் கொடுக்கும் மெஷின்) ஃபீல்டு அகலம் 2.5 செ.மீ., பிட்ச் 0.287, மாடுலேஷன் ஃபேக்டர் 2-லிருந்து 2.5 என்று ஆரம்பியுங்கள். 5 செ.மீ. போட்டால் நேரம் மிச்சம், ஆனால் டார்கெட்டின் மேல் கீழ் முனையில் சரிவு நீளும். கண் நரம்பு பக்கத்தில் இருந்தால் அது ஆகாது. டோஸ் சீராக இருப்பதில் டோமோ நன்றாகவே இருக்கும், பரோட்டிட்டில் நல்ல வி.மேட்டோடு பெரிய தூரம் இல்லை.

புரோட்டான் சென்னையில் 2019-இலிருந்து இருக்கிறது. கட்டியைத் தாண்டி டோஸ் நின்றுவிடுவதால் முன்வாய்க்கும் பின்மூளைக்கும் நல்லது. ஆனால் ரேஞ்ச் (கதிர் நிற்கும் ஆழம்) 3.5 சதவீதம், நிலை 3 மி.மீ. தப்பலாம் என்று வைத்து ரோபஸ்ட் ஆப்டிமைசேஷன் செய்யாத பிளானுக்கு மதிப்பில்லை. பல்லில் உலோகக் கேப் இருந்தால் சி.டி.யின் கீற்று நிழலே ரேஞ்சைத் தப்பாக்கும், கீற்று விழுந்த திசுவுக்கு எச்.யூ. (சி.டி.யின் அடர்த்தி எண்) மாற்றி எழுதணும். எடை குறைந்தால் ஃபோட்டானைவிடச் சீக்கிரம் பிளான் கெட்டுவிடும்.

டாக்டர்_தாழை:

எடை பேச்சு வந்ததால்: 2004-இல் எம்.டி. ஆண்டர்சனில் 14 பேருக்கு வாரம் மூன்று முறை சி.டி. எடுத்துப் பார்த்ததில், பரோட்டிட் சுருங்கி நடுக்கோட்டை நோக்கி 3.1 மி.மீ. நகர்ந்திருந்தது. அதாவது உயர் டோஸ் பக்கம். அதற்காக எல்லாருக்கும் வாரந்தோறும் ரீபிளான் போட்டால் லாபமா என்று பிரான்ஸின் ஆர்டிக்ஸ் ஆய்வு 132 பேரிடம் பார்த்தது, உமிழ்நீரில் பலன் தெரியவில்லை. ஆகவே தேவைப்படுபவருக்கு மட்டும் போதும். மூன்றாம், நான்காம் வாரத்தில் மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவே விரல் நுழைந்தால், கோன்பீமில் உடல் கோடு ஒரு செ.மீ. உள்ளே போயிருந்தால், புது மாஸ்க், புது சி.டி.

நாவல்_பிளானர்:

திரும்பப் போட்டாயிற்று. மூன்று ஆர்க், கோலிமேட்டர் 30, 330, 10. எக்ஸ் திறப்பு 15-க்குள். இரண்டு பிளானுக்கும் ஒரே கிரிட், ஒரே டி50. சுருக்குத் தசையும் பிடரியும் சேர்த்தேன். பரோட்டிட் வித்தியாசம் அரை கிரேக்குள் வந்துவிட்டது, கீழ்க் கழுத்துக் கிழிசல் இல்லை. எம்.யூ. கொஞ்சம் ஏறி 560. ஒன்று மட்டும்: பிடரியில் 35 கிரே விரல் மாதிரி பின்னால் நீள்கிறது.

நிழல்வட்டம்:

தண்டுவட பி.ஆர்.வி.க்குப் பின்னாலிருந்து தோல் வரை ஒரு டம்மி (ஆப்டிமைசருக்காக மட்டும் வரையும் போலி உறுப்பு) வரையுங்கள், பி.டி.வி.யிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி. அதிகபட்சம் 30 கொடுங்கள், பிரியாரிட்டி பரோட்டிட்டைவிட ஒரு படி கீழே. கவரேஜ் ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்கினால் 33-க்குத் தளர்த்துங்கள். அதற்கு முன் அந்த விரல் எந்த ஸ்லைஸில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். லெவல் ஐந்தின் காண்டூர் டிரபீசியஸ் முன்விளிம்பைத் தாண்டிப் பின்னால் போயிருந்தால், டம்மி தேவைப்படாது. காண்டூரைத் திருத்தினாலே அது மறைந்துவிடும்.

நாவல்_பிளானர்:

எட்டு ஸ்லைஸில் தசைக்குப் பின்னால் போயிருக்கிறது. டாக்டரிடம் காட்டித் திருத்திவிட்டு ஓடவிடுகிறேன்.